இறந்தோரை எழுப்ப அஞ்சிய ஊர்: ‘முல்லா நஸ்ருத்தீன்’ இதழும் அங்கதத்தின் அறமும்

திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடை செய்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்ற காரணத்தையும் அது உடன் கூறுகின்றது. அதே திருமறையின் அல்மாஊன் அத்தியாயம் அநாதையை விரட்டுவோரையும், பிறர் காண்பதற்காகத் தொழுவோரையும், அண்டை அயலார் கேட்கும் சிறு பொருளைக்கூடக் கொடுத்துதவ மறுப்போரையும் கடுமையாகக் கண்டிக்கின்றது. முதலாவது நம் நாவை அடக்குகிறது. இரண்டாவது பக்தியின் போர்வைக்குள் மறைந்திருக்கும் கொடுமையைக் காணுமாறு நம் கண்ணைத் திறக்கிறது. இவ்விரு கட்டளைகளுக்கும் நடுவே அங்கதக் கலைக்கு இடமுண்டா, உண்டெனில் அதன் எல்லை எது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் நாவின் தீங்குகளை விரித்துரைக்கும்போது, புறம்பேசுதலை வன்மையாகக் கண்டித்துவிட்டு, அது அனுமதிக்கப்படும் சில இடங்களையும் வரையறுக்கிறார்கள். அநீதிக்குள்ளானவன் முறையிடுவது, தீமையை மாற்ற உதவி நாடுவது, தீங்கிலிருந்து முஸ்லிம்களை எச்சரிப்பது, பாவத்தை மறைக்காமல் பகிரங்கமாகச் செய்பவனைக் குறித்துப் பேசுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். இமாமவர்கள் இங்கே கலையைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் அங்கதத்தை எடைபோட அவர்களின் வரையறையிலிருந்து நாம் ஓர் அளவுகோலைப் பெறலாம். இந்தச் சிரிப்பு அநீதிக்குள்ளானவனின் முறையீடாக ஒலிக்கிறதா? இது மக்களுக்கு ஓர் எச்சரிக்கையாகப் பயன்படுகிறதா? இவ்விரண்டோடு மூன்றாவது வினா ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்கிறோம்: சிரிப்பவன் தன்னை விலக்கிவைத்துக்கொண்டு சிரிக்கிறானா, அல்லது தானும் அந்தக் கூண்டில் நிற்பதை உணர்கிறானா?

இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்ப்பதற்கு முஸ்லிம் உலகின் நவீன வரலாற்றில் ‘முல்லா நஸ்ருத்தீன்’ இதழைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பதரிது. முல்லாவின் வேடிக்கைக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கும், அவருடைய பெயரில் ஓர் இதழ் கால் நூற்றாண்டுக் காலம் வெளிவந்தது என்பதோ, அது அரசர்களையும் ஆதீனக்காரர்களையும் ஒருசேர நடுங்கவைத்தது என்பதோ தெரியாது.

ரஷ்யப் பேரரசில் 1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் அச்சுத் தணிக்கை சற்றுத் தளர்ந்த வேளையில், 1906 ஏப்ரலில், இன்றைய ஜார்ஜியத் தலைநகரான திபிலிசியில் இவ்விதழ் தோன்றியது. அந்நாளில் அந்நகருக்குத் திஃப்லீஸ் என்று பெயர். ஆசிரியர் ஜலீல் மம்மத்குலிஸாதே நக்சிவானில் பிறந்தவர்; கோரி நகர ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 1887இல் தேறி, கிராமப் பள்ளிகளில் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியவர். அவரோடு தோள்சேர்ந்து நின்றவர் உமர் ஃபாயிக் நிஃமான்ஸாதே. இவர் இஸ்தன்பூலில் பயின்றவர். முன்னவர் ஷீஆக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னவர் சுன்னி. காக்கேசியாவின் இவ்விரு பிரிவாரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிவந்த காலத்தில் இவ்விருவரும் ஓர் அச்சகத்தைக் கூட்டாக நடத்தினார்கள் என்பதே கவனிக்கத்தக்க செய்தி.

இதழின் மொழி அறிஞர்களின் மொழியன்று. பாரசீகமும் அரபும் செறிந்த நடையே கல்வியின் அடையாளமாகக் கருதப்பட்ட அந்நாளில், கடைத்தெருவிலும் வயல்வெளியிலும் புழங்கிய அஸர்பைஜான் துருக்கியை அவர்கள் கையாண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் செய்தி எட்டவேண்டும் என்பதற்காகப் பக்கங்களை நிறைத்தவை வண்ணக் கேலிச்சித்திரங்கள். முதல் இதழின் அட்டையில் ஆங்காங்கே சாய்ந்தும் கொட்டாவி விட்டும் உறங்கிக்கிடக்கும் மனிதர்கள். அவர்களைப் பார்த்தபடி முல்லா. உறங்குகிறவன் மீது முல்லாவுக்குப் பகையில்லை. எழுப்புவதற்காக வந்த வீட்டுப் பெரியவரின் அக்கறை அந்தச் சித்திரத்தில் தெரிகிறது. தான் வந்தது முஸ்லிம் சகோதரர்களைக் கருதித்தான் என்று இதழ் தன் முதல் உரையிலேயே சொல்லிக்கொண்டது.

இதழ் யாரைச் சாடியது? தாயத்தும் மந்திரமும் விற்றுப் பிழைத்த போலி முல்லாக்களை மட்டுமே சாடியது என்று கருதுவோர் அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்க்காதவர்கள். பாரசீக அரசியலமைப்பை நசுக்க முனைந்த முஹம்மது அலீ ஷா, உதுமானிய சுல்தான் அப்துல் ஹமீத், ஸார் மன்னனின் அதிகாரிகள், 1907 உடன்படிக்கையின் மூலம் ஈரானைத் தங்களுக்குள் செல்வாக்கு மண்டலங்களாகக் கூறுபோட்ட பிரிட்டனும் ரஷ்யாவும், பாக்கூவின் எண்ணெய்ப் பணத்தில் கொழுத்த ஹாஜிகள், ரஷ்யப் பள்ளியில் நாலெழுத்துப் படித்தவுடன் தாய்மொழி பேச வெட்கப்பட்ட இளைஞர்கள் என அனைவரும் அங்கே சித்திரமாயினர். மனைவியை அடிக்கும் கணவனும், பால்மணம் மாறாத சிறுமியை மணக்கும் கிழவனும் அவர்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். அரண்மனையின் கொடுங்கோன்மையும் அடுக்களையின் கொடுங்கோன்மையும் ஒரே வேரில் முளைத்தவை என்பதை இதழ் சுட்டிக்காட்டியது. ஈரானில் இதழ் தடைக்குள்ளானது. திஃப்லீஸிலோ ரஷ்ய அதிகாரிகள் அதைப் பலமுறை நிறுத்திவைத்தனர். இருதரப்பாரும் அஞ்சினர் என்பது இதழின் நேர்மைக்கு ஒரு சான்று.

இதழின் உயிர்நாடியாக விளங்கிய கவிஞர் மீர்ஸா அலீ அக்பர் ஸாபிர் (1862–1911) ஷமாக்கி ஊரினர். ‘ஹொப்ஹொப்’ முதலிய புனைபெயர்களில் மறைந்து எழுதியவர். சோப்புக் காய்ச்சி விற்று வயிறு வளர்த்தார். மனிதர்களின் அகத்தைக் கழுவ முடியாததால் புறத்தையாவது கழுவுகிறேன் என்ற கருத்தில் அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவருடைய கவிதைகளின் தனிச்சிறப்பு அவற்றின் குரலில் இருக்கிறது. கவிஞர் கயவனைத் திட்டுவதில்லை, கயவனையே பேசவிடுகிறார். கல்வியை எதிர்க்கும் தந்தை, தொழிலாளியின் துணிச்சலைக் கண்டு கொதிக்கும் செல்வன், மக்கள் விழித்துவிடுவார்களோ என்று அஞ்சும் போலிப் பெரியவர் ஆகியோர் தத்தம் நியாயத்தை மிகுந்த நம்பிக்கையோடு எடுத்துரைக்கிறார்கள். கேட்பவன் முதலில் தலையசைக்கிறான். சற்று நேரத்தில், தான் தலையசைத்ததை எண்ணி நாணுகிறான். முகஸ்துதி எனும் ரியா எறும்பின் காலடியைவிட மெல்லியதாக உள்ளத்தில் ஊர்ந்து வருவது என்று நம் முன்னோர் எச்சரித்தார்கள். அத்தகைய நுண்ணிய நோயை வெளியிலிருந்து சாடுவதைவிட உள்ளிருந்து பேசவைப்பதே ஏற்ற வழி என்பதை ஸாபிர் அறிந்திருந்தார்.

கேலிச்சித்திரங்களைப் பற்றி நாம் அவ்வளவு தடையின்றிப் பாராட்டிவிட இயலாது. தொடக்க ஆண்டுகளின் முதன்மை ஓவியர்களான ஆஸ்கர் ஷ்மெர்லிங், யோசெப் ரோட்டர் ஆகிய இருவரும் ஜெர்மானிய வம்சாவளியினர்; பாக்கூவைச் சேர்ந்த அஸீம் அஸீம்ஸாதே அவர்களுடன் பின்னரே இணைந்தார். வெளியாரின் கை என்பதாலேயே ஒரு சித்திரம் தவறாகிவிடாது. எனினும் கேலிச்சித்திரம் என்னும் வடிவத்திலேயே ஓர் இடர் உள்ளது. அதற்கு விரைவாக அடையாளம் காட்டும் ஒரு சின்னம் தேவை. தலைப்பாகை, தாடி, தஸ்பீஹ் மணி ஆகியவை வாரந்தோறும் வஞ்சகனுக்கே உரிய அணிகலன்களாக வரையப்பட்டுவந்தால், பார்ப்பவனின் கண் நாளடைவில் வஞ்சகத்தை மறந்து தலைப்பாகையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். கிராமத்து மக்தபில் கூலியின்றிக் குர்ஆன் கற்பித்த ஏழை முல்லாவும் அதே தலைப்பாகையைத்தான் அணிந்திருந்தார். அவருக்கு அச்சித்திரங்களில் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஹுஜுராத் அத்தியாயத்தின் எச்சரிக்கை இங்கே பொருந்துகிறது என்றே நாம் கருதுகிறோம்.

இந்தக் குறையை அறவே கடந்து நிற்பது மம்மத்குலிஸாதேயின் ‘ஓலூலர்’, அதாவது ‘இறந்தோர்’ என்னும் நாடகம். 1909இல் எழுதப்பட்டு 1916இல் பாக்கூவில் அரங்கேறிய இந்நாடகத்தின் கதை எளியது. ஓர் ஊருக்கு ஷைகு நஸ்ருல்லாஹ் என்பவர் வந்து சேர்கிறார். இறந்தவர்களை உயிர்ப்பிக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு என்று செய்தி பரவுகிறது. ஊர்ப் பெரியவர்கள் அவர் கரத்தை முத்தமிடப் போட்டியிடுகிறார்கள். இளஞ்சிறுமிகளை முத்ஆ எனும் தற்காலிகத் திருமணத்தின் பெயரால் அவரிடம் ஒப்படைக்கவும் தயங்கவில்லை. இவ்வளவோடு நின்றிருந்தால் இது போலிச் சாமியாரைப் பற்றிய ஆயிரத்தோராவது கதையாக இருந்திருக்கும். பிரான்சின் மொலியேர் எழுதிய ‘தார்த்தூஃப்’ நாடகத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே அத்தகைய மனிதனை உலகம் கண்டுவிட்டது.

மம்மத்குலிஸாதேயின் மேதைமை அடுத்த கட்டத்தில் வெளிப்படுகிறது. யார் யாரை எழுப்பவேண்டும் என்று பெயர்ப் பட்டியல் தருமாறு ஷைகு ஊராரைக் கேட்கிறார். மையவாடியில் கூட்டம் கூடுகிறது. ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, இன்னொருவர் முகம் வெளிறி அதை மறுக்கிறார். இறந்த அண்ணன் எழுந்து வந்தால் அவன் சொத்து எங்கே, அவன் மனைவி யார் வீட்டில் என்று கேட்பானே! இறந்த நண்பன் எழுந்தால், அவன் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளின் பங்கு என்னவாயிற்று என்று வினவுவானே! கொடுமைப்பட்டு மாண்ட மனைவி எழுந்தால் எதைச் சொல்வாள்? ஒவ்வொரு கப்றுக்குள்ளும் ஒரு வழக்கு காத்திருக்கிறது. இறந்தோரை எழுப்பும் ஷைகை வாயாரப் புகழ்ந்த ஊர், தன் இறந்தோர் எவரும் எழக்கூடாது என்று உள்ளூரப் பிரார்த்திக்கிறது.

இக்காட்சியைப் படிக்கும் முஸ்லிம் வாசகர் அதை வெறும் நகைச்சுவையாகக் கடந்துவிட முடியாது. மறுமையில் எழுப்பப்படுவோம் என்பது நம் ஈமானின் கடமைகளில் ஒன்று. அவ்வூராரும் அதை நாவால் ஏற்றவர்களே. ஆனால் அந்த எழுப்புதல் நாளை மாலையே, தங்கள் ஊர் மையவாடியிலேயே நிகழப்போகிறது என்றதும் அவர்களின் கால்கள் நடுங்குகின்றன. கணக்குக் கேட்கப்படும் நாளை நம்புவதாகச் சொல்லிக்கொண்டே, கணக்குக் கேட்கப்படாது என்பதுபோல வாழ்ந்துவந்திருக்கிறார்கள். ஷைகின் வஞ்சகம் ஊராரின் வஞ்சகத்தில் நிழல் தேடி வளர்ந்தது. ஒன்று மற்றொன்றுக்குத் துணைநின்றது. ஏமாற்றுகிற நிறுவனமும் ஏமாற விரும்புகிற சமூகமும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையாக இங்கே போலித்தனம் வெளிப்படுகிறது. ஈமானை இந்நாடகம் கேலி செய்யவில்லை. ஈமானின் உண்மையை ஓர் ஊரின் முன் நிறுத்தி, அதைக் கண்டு ஊர் அஞ்சுவதையே காட்டுகிறது. அங்கதம் இவ்விடத்தில் ஒரு நல்ல வஃளின் பணியைச் செய்கிறது என்று நாம் துணிந்து கூறுவோம்.

இங்கே நம் வாசகர்களுள் சிலர் எழுப்பக்கூடிய ஒரு தடையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முத்ஆ நம்மிடையே அனுமதிக்கப்பட்டதன்று. ஆதலால் இது வேறு பிரிவாரின் சங்கதி என்று ஒதுக்கிவிடலாம் அல்லவா? ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அவ்வாறு ஒதுக்குகிறவர், ‘வேறு யாருடைய இறந்தோரையாவது எழுப்புங்கள்’ என்று மையவாடியில் கெஞ்சிய அந்த ஊர்ப் பெரியவரின் வரிசையில் போய் நின்றுவிடுகிறார். சகோதரியின் வாரிசுப் பங்கை வாய்மொழி விட்டுக்கொடுப்பாக மாற்றி எழுதிக்கொள்வோரும், வக்ஃபு நிலத்தைச் சொற்ப வாடகைக்குத் தம் உறவினருக்கே விடுவோரும், அநாதையின் பெயரால் திரட்டிய நிதிக்குக் கணக்குக் காட்டாதோரும் எந்தப் பிரிவிலும் இல்லாமலில்லை.

நாடகத்தின் மற்றொரு சிறப்பு, உண்மை பேசும் பாத்திரம் தூயவனாகப் படைக்கப்படாமை. வெளிநாட்டில் கற்றுத் திரும்பிய இஸ்கந்தர் குடிகாரன். ஊராரே அவனுக்குக் ‘குடிகார இஸ்கந்தர்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். ஷைகின் சூதை அவன் ஒருவனே அறிகிறான்; ஆனால் தன் தங்கையைக்கூட மீட்கத் திராணியற்றவனாய்த் தள்ளாடுகிறான். ஷைகு ஓடிப்போன பின், சீரழிக்கப்பட்ட சிறுமிகளின் முன்னிலையில் அவன் ஊராரை நோக்கி, எனக்கு நீங்கள் ஒரு பெயரிட்டீர்கள், உங்களுக்கு என்ன பெயரிடுவது என்று வினவி, ‘இறந்தோர்’ என்ற பெயரைச் சூட்டுகிறான். நாடகத்தின் தலைப்பு அப்போதுதான் தன் முழுப்பொருளை அடைகின்றது. மையவாடிக்குள் கிடப்பவர்கள் அல்லர், அதைச் சுற்றி நிற்பவர்களே இறந்தோர்.

ஆனால் இஸ்கந்தரின் மதுக்கிண்ணத்தை நாம் மறந்துவிடலாகாது. அவனைச் சீர்திருத்த வீரனாக ஆக்கிக் கைதட்டல் வாங்குவது ஆசிரியருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. பழைமையின் போலித்தனத்தைக் கண்டுகொண்ட புதுக் கல்வி, கண்டுகொண்டதற்கு மேல் எதுவும் செய்ய இயலாமல் போதையில் விழுந்துகிடக்கும் அவலத்தையும் அவர் தோலுரித்தார். 1920இல் எழுதிய ‘என் அன்னையின் நூல்’ நாடகத்தில் இச்சாடல் மேலும் கூர்மை பெறுகின்றது. ஒரே தாயின் மூன்று மக்கள் முறையே ரஷ்ய, பாரசீக, உதுமானியக் கல்வி பெற்றுத் திரும்பி, மூன்று மொழிகளில் பேசி, ஒருவரையொருவரும் பெற்ற தாயையும் புரிந்துகொள்ள முடியாதவர்களாகிறார்கள். மக்களின் பெயரால் பேசும் அறிவாளிகளுக்கு மக்களின் மொழி தெரியவில்லை. சிரிப்பவன் தன் வர்க்கத்தையும் கூண்டிலேற்றினான். நம்முடைய மூன்றாவது வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது.

இதழின் பிற்காலம் துயரமானது, பாடம் நிறைந்தது. போரினாலும் புரட்சியினாலும் திஃப்லீஸில் வெளிவர இயலாமற்போன இதழ், 1921இல் ஈரானின் தப்ரேஸ் நகரில் 8 இதழ்களைக் கண்டது. பின்னர் 1922 முதல் 1931 வரை சோவியத் ஆட்சியின்கீழ் பாக்கூவில் வெளிவந்தது. பெயர் அதுவே, ஆசிரியரும் அவரே. ஆனால் கலையின் நிலைமை தலைகீழாகிவிட்டது. முன்னர் முல்லாவையும் மன்னனையும் ஒரே பக்கத்தில் சாடிய எழுதுகோல் இப்போது முல்லாவை மட்டுமே சாட அனுமதிக்கப்பட்டது. ஆட்சிபீடம் மாஸ்கோவில் இருந்தது. அதை வரைய அனுமதியில்லை. பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டுவந்த நாட்களில், உலமாக்கள் ஒடுக்கப்பட்டுவந்த நாட்களில், தலைப்பாகை அணிந்தவனைக் கேலி செய்வதற்குத் துணிச்சல் எதுவும் தேவைப்படவில்லை. நேற்றுவரை அதிகாரத்தின் சின்னமாக இருந்த அதே தலைப்பாகை, இன்று ஒடுக்கப்பட்டவனின் சின்னமாகிவிட்டது. சித்திரம் மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. எளியோனைச் சுட்டும் விரலுக்கு அங்கதம் என்று பெயரில்லை. கேலிச்சித்திர வடிவத்தில் நாம் முன்னர் கண்ட இடரை அதிகாரபீடம் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இறுதியில் இதழின் பெயரையே ‘இறைமறுப்பாளன்’ எனப் பொருள்படும் ‘அல்லாஹ்ஸிஸ்’ என்று மாற்றுமாறு நெருக்கடி எழுந்தது. 1931ஆம் ஆண்டோடு ‘முல்லா நஸ்ருத்தீன்’ என்ற பெயர் மறைந்தது. 1932 ஜனவரியில் மம்மத்குலிஸாதேயும் மறைந்தார். அவருடைய பழைய தோழர் உமர் ஃபாயிக் 1937இன் ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களை மார்க்க விரோதிகள் என்று நம் தரப்பில் சிலர் ஒதுக்கினார்கள். முன்னோடி நாத்திகர்கள் என்று சோவியத் நூல்கள் உரிமை கொண்டாடின. இரு முத்திரைகளும் ‘இறந்தோர்’ நாடகத்தை ஊன்றிப் படிக்காதவர்கள் குத்தியவை. மம்மத்குலிஸாதே உலமாக்களிடம் அநீதியாக நடந்துகொண்ட இடங்கள் உண்டு. அவருடைய சீர்திருத்த எண்ணங்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும் தன் மக்களின் அவலத்தைக் கண்டு வெந்த உள்ளம் அவருடையது. அவருடைய துணைவியார் ஹமீதா ஜவான்ஷீர், சிறுவரும் சிறுமியரும் சேர்ந்து பயிலும் பள்ளியொன்றைத் தம் கிராமத்தில் 1908ஆம் ஆண்டளவில் நிறுவினார். எதைக் கேலி செய்தார்களோ அதற்கு மாற்றையும் தங்கள் கைகளால் எழுப்ப முயன்றார்கள்.

ஆக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். அங்கதக் கலை மார்க்கத்தின் பார்வையில் முற்றாக விலக்கத்தக்கது என்று கூறுவோர், அநீதிக்குள்ளானவனின் முறையீட்டுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) திறந்துவைத்த வாயிலை அடைத்துவிடுகிறார்கள். எதையும் எவரையும் நகையாடுவதே கலைஞனின் உரிமை என்போரோ, ஹுஜுராத் அத்தியாயம் காக்க விரும்பிய மனித மாண்பை மிதித்துவிடுகிறார்கள். ‘முல்லா நஸ்ருத்தீன்’ இதழின் கால் நூற்றாண்டு வாழ்வு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதை எத்தனை ஒடுக்கமானது என்பதைக் காட்டுகிறது. வலியோனை நோக்கும்வரை, தன்னையும் சேர்த்து நோக்கும்வரை அச்சிரிப்பு சமுதாயத்துக்கு மருந்தாக இருந்தது. தனக்குப் பின்னால் நிற்கும் அதிகாரத்தைத் திரும்பிப் பார்க்க இயலாத நாளில் அது அந்த அதிகாரத்தின் கருவியாயிற்று.

நம் சமுதாயத்திலும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. அவற்றுள் நேர்மையாகத் தொண்டாற்றுபவை பல. அவற்றை நடத்துவோர் விமர்சனத்தைக் கேட்டதும் ‘மார்க்கத்தைப் பழிக்கிறார்கள்’ என்று கூக்குரலிடுவதற்கு முன்னர், பழிக்கப்படுவது மார்க்கமா, அதன் பெயரால் மறைத்துவைக்கப்பட்ட கணக்கேடா என்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அந்த ஷைகு நம் ஊருக்கு வந்து, எழுப்பவேண்டிய இறந்தோரின் பட்டியலைக் கேட்டால், யாருடைய பெயரை எழுத நம் கை தயங்கும்? அந்தப் பெயருக்குரியவரின் பாக்கியை அவர் எழுப்பப்படும் நாளுக்கு முன்னரே தீர்த்துவிடுவது நம்மால் இயலக்கூடியதே.